நெல் கணக்கும் பிணக் கணக்கும்

1943ல் வங்காளத்தில் அரிசி இருந்ததா, இல்லையா? எண்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சண்டை ஓயவில்லை. பொருளாதாரம் படித்தவர்கள், சரித்திரம் படித்தவர்கள், நெல் நோய் ஆராய்ச்சி செய்கிறவர்கள், கடைசியாக அந்தக் காலத்து மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறவர்கள் என ஆளாளுக்கு வந்து ஒரு கை பார்த்துவிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டவணை. அட்டவணையும் அட்டவணையும் மோதிக்கொள்கின்றன. செத்தவர்கள் அடிக்குறிப்பில் கிடக்கிறார்கள்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வங்கப் பஞ்சத்தில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். கீழத்தஞ்சைப் பக்கம் விவசாயக் கூலிகள் மத்தியில் வேலை செய்கிற எவனும் 'விளைச்சல்', 'உற்பத்தித்திறன்' என்ற சொற்களோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கூலியைக் கூட்டிக் கேட்டால் விளைச்சல் கணக்கைச் சொல்கிறான். நிலம் கேட்டால், துண்டு துண்டாகப் பிரித்தால் விளைச்சல் போய்விடும் என்கிறான். இந்தச் சொல்லுக்கு இத்தனை அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால் அந்தத் தடம் வங்காளத்தில் போய் நிற்கிறது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்தேன். படித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. (நம்மூர்களிலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப்போன கூலிகள் காடு மலை வழியாக நடந்து திரும்பியதும், வழியிலேயே செத்ததும் அதே வருஷம்தான். அது தனியாக எழுதவேண்டிய கதை.) அடுத்து ஜப்பான் வங்காளத்துக்குள் நுழைந்தால் அவன் கைக்குச் சோறும் சிக்கக்கூடாது, படகும் சிக்கக்கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் முடிவு செய்தது. கடலோர மாவட்டங்களில் நெல்லை வாரினார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைப் பிடுங்கினார்கள். சுமார் 45 ஆயிரம் படகுகள். 1942 அக்டோபர் 16ல் மிதுனாப்பூர் கரையைப் புயலும் கடலும் சேர்ந்து அடித்து, சுமார் 14,500 பேரைக் கொண்டுபோயின. அப்புறம் ராணுவத்துக்குக் கொள்முதல், கல்கத்தாவின் ஆலைகளுக்குக் கொள்முதல், வியாபாரிகளின் பதுக்கல். 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய் விற்ற அரிசி 1943 மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் 37. அக்டோபரில் சிட்டகாங்கில் 80 ரூபாய். இவ்வளவுக்குப் பிறகும் பஞ்சம் என்று சட்டப்படி அறிவிக்கவில்லை. அறிவித்தால் பஞ்சச் சட்டப்படி சோறு போடவேண்டிய பொறுப்பு வந்துவிடும் அல்லவா!

செத்தவர் எத்தனை பேர்? சர் ஜான் வுட்ஹெட் தலைமையில் அமைந்த பஞ்ச விசாரணைக் கமிஷன் 1945ல் சொன்ன கணக்கு 15 லட்சம். அமர்த்தியா சென் போட்ட கணக்கு ஏறக்குறைய 30 லட்சம். கல்கத்தா பல்கலைக்கழக மானிடவியல் துறை போட்ட கணக்கை நேரு தன் புத்தகத்தில் எடுத்துச் சொல்கிறார், 34 லட்சம் என்று. கமிஷனில் உறுப்பினராக இருந்த அய்க்ராய்டே, தங்கள் கணக்கு குறைவானது என்று பிற்காலத்தில் எழுதினார். அந்த அறிக்கையில் இன்னொரு கணக்கும் வருகிறது. அரிசி வியாபாரத்தில் அந்த வருஷம் கிடைத்த அநியாய லாபம் 150 கோடி ரூபாய், ஆகவே ஒரு சாவுக்கு ஆயிரம் ரூபாய் லாபம். வெள்ளைக்கார அறிக்கைதான். ஆனாலும் அந்த ஒரு வரிக்காக அதைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். 1981ல் வந்த சென்னின் 'வறுமையும் பஞ்சங்களும்' இந்தத் துறையையே புரட்டிப்போட்ட புத்தகம். 1943ல் வங்காளத்தில் கிடைத்த அரிசி அதற்கு முந்தைய ஐந்து வருஷச் சராசரியைவிட ஐந்து சதவீதம்தான் குறைவு, பஞ்சமே இல்லாத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம் என்று காட்டினார். அப்படியானால் ஜனங்கள் செத்தது அரிசி இல்லாமல் அல்ல. இருந்த அரிசியை எடுத்துச் சாப்பிடும் பாத்தியதை இல்லாமல். அவர் பயன்படுத்தும் கலைச்சொல்லுக்குப் பாடநூல்காரர்கள் ஏதேதோ தமிழ் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் 'பாத்தியதை'தான் அதற்குப் பொருந்துகிறது. உழைப்பை விற்று அரிசி வாங்குகிறவனுக்கு விலை ஏறி கூலி ஏறாவிட்டால் பாத்தியதை அறுந்துபோகிறது. இதைச் சொல்ல ஒருவர் நோபல் பரிசு வரைக்கும் போகவேண்டியிருந்தது என்பதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் பஞ்சம் என்றால் மழை, மண், மக்கள்தொகை என்றுதான் அறிஞர்கள் வாய் ஓதிக்கொண்டிருந்தது.

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. எஸ்.ஒய். பத்மநாபன் என்ற நெல் நோய் ஆய்வாளர் 1973லேயே எழுதியிருந்தார்: 1942ல் செம்புள்ளி நோய் விழுந்து சின்சுரா ஆராய்ச்சி நிலையத்து வயல்களிலேயே சில நெல் வகைகள் பாழாய்ப் போயின, பஞ்சத்துக்கு அந்தப் பூஞ்சைதான் காரணம் என்று. பீட்டர் பௌபிரிக்கும் அவருக்குப் பின் மார்க் டாகரும் அதைப் பிடித்துக்கொண்டு, விளைச்சல் உண்மையாகவே விழுந்தது, சென் நம்பிய அரசாங்கக் கணக்கு குப்பை என்றார்கள். மதுஸ்ரீ முகர்ஜி 2010ல் லண்டனுக்கே போய், சர்ச்சிலின் யுத்த மந்திரிசபை கப்பல் தர மறுத்ததைக் காகிதம் காகிதமாக எடுத்து வைத்தார். 2019ல் காந்திநகர் ஐ.ஐ.டி.க்காரர்கள் மண் ஈரத்தைக் கணக்குப் போட்டு, அந்த வருஷப் பஞ்சத்துக்கு வறட்சி காரணமில்லை என்றார்கள்.

என் ஓட்டு சென்னுக்கும் முகர்ஜிக்கும்தான். பூஞ்சை விழுந்திருக்கலாம். பூஞ்சை வயலில் விழும், பானையில் யார் பானை என்று பார்த்து விழாது. ஆனால் என் சண்டை அந்த இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு மௌனத்தோடு.

சென் ஓர் அட்டவணை தருகிறார். மகலனோபிஸ் குழுவினர் பஞ்சத்துக்குப் பின் ஊர் ஊராகப் போய் எடுத்த கணக்கிலிருந்து செய்தது. எந்தத் தொழில்காரன் எவ்வளவு விகிதத்தில் நாதியற்றுப் போனான் என்று காட்டுவது. மேலே நிற்பவர்கள் மீனவர்கள், வண்டி படகு ஓட்டிகள், விவசாயக் கூலிகள், நெல் குத்துகிற பெண்கள். கீழே, அதிகம் அடிபடாதவர்கள், சொந்தமாகவோ வாரத்துக்கோ நிலம் உழுதவர்கள். வாரத்துக்கு உழுதவன்கூடத் தப்பித்தான், ஏனென்றால் அவனுக்குக் கூலி நெல்லாக வந்தது. காசுக் கூலிக்காரன் செத்தான். இதுதான் சென்னின் கண்டுபிடிப்பின் உயிர்நிலை. அற்புதமான இடம்.

ஆனால் மீனவர் என்பது ஒரு தொழிலா? கல்கத்தாவில் காபி குடித்துக்கொண்டே பி.ஏ. முடித்தவன் மீன் பிடிக்கலாமா, வக்கீலுக்குப் போகலாமா என்று யோசித்து மீன் பிடிக்கப் போனானா? அவன் மாலோ. அவன் ஜாலியா கைவர்த்தன். துடுப்புப் போட்டவன், நீர் நிறைந்த பில் நிலங்களில் நெஞ்சு ஆழம் நின்று நெல் அறுத்தவன் நாமசூத்திரன். 24 பர்கானாவில் கூலிக்குப் போனவன் பௌண்டரன், மேற்கே பாக்தி, பௌரி. தோல் தைத்தவன் முச்சி. தொழில் என்று அட்டவணையில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் சுரண்டினால் கீழே சாதி தெரிகிறது. சென்னின் புத்தகத்தில் சாதிக்கென்று ஓர் அட்டவணை இல்லை. இந்தியாவில் பஞ்சத்தைப் பற்றி உலகம் போற்றும் புத்தகம், சாதி என்ற பத்தி இல்லாமல் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது!

இதை அவர் வேண்டுமென்று மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். பஞ்சம் நடந்தபோது அவர் சாந்திநிகேதனில் இருந்த சிறுவன். தன் பள்ளியிலோ சொந்தக்காரர் வீடுகளிலோ ஒருவரும் பசியால் வாடவில்லை என்று அவரே பல இடங்களில் எழுதியிருக்கிறார். வீட்டு வாசலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கலாம் என்று தாத்தா அனுமதி கொடுத்திருந்தாராம். யோக்கியமான மனிதர், உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த டின்னை நீட்டிய கையும் வாங்கிய கையும் எந்தெந்தச் சாதிக் கைகள் என்பதை மட்டும் அவர் வர்க்கம் என்ற சொல்லுக்குள் வைத்து மூடிவிட்டார். நம்ம கம்யூனிஸ்ட் தோழர்களும் அதே மூடியைத்தான் இத்தனை காலம் பயன்படுத்தினார்கள்.

படகுக்கு வருவோம். படகைப் பிடுங்கியதற்கு அரசாங்கம் உடைமையாளனுக்கு நஷ்டஈடு கொடுத்தது. கூலிக்குத் துடுப்புப் போட்டவனுக்கு? அந்தப் படகில் மண் கொண்டுவந்து பானை வனைந்தவனுக்கு? மீன் வாங்கிச் சந்தையில் விற்ற கிழவிக்கு? ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வயலுக்குப் படகில் போய் வந்தவனுக்கு? கிழக்கு வங்காளத்தில் படகு என்பது நமக்குக் கால் மாதிரி. 'மறுப்புக் கொள்கை' என்று ஆங்கில நூல்களில் அதற்குப் பெயர். ஜப்பான்காரனுக்கு மறுத்தது என்று அர்த்தம். ஜப்பான்காரன் வரவே இல்லை. மறுக்கப்பட்டது யாருக்கு என்று பார்த்தால் மேற்படி சாதிகளுக்குத்தான்.

இன்னொரு ஆய்வாளர் பெயரைச் சொல்லியாகவேண்டும்: தாரக் சந்திர தாஸ். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் ஆசிரியர். 1943ல் பிணங்கள் நடைபாதையில் கிடக்கும்போதே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, கிராமத்திலிருந்து வந்து விழுந்தவர்களிடம் ஒவ்வொரு குடும்பமாக விசாரித்தவர். எந்த ஊர், என்ன தொழில், எத்தனை பேராகப் புறப்பட்டீர்கள், எத்தனை பேர் மிச்சம், என்ன சாதி, என்ன மதம். 1949ல் புத்தகமாக வந்தது. அதில் தாழ்த்தப்பட்ட சாதியாரும் முஸ்லிம்களும்தான் பெரும்பகுதி. 1941 கணக்கின்படி வங்காளத்தில் பட்டியல் சாதியார் சுமார் 74 லட்சம். மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கு. கல்கத்தா நடைபாதையில் அவர்கள் பங்கு அதைவிட மிக அதிகம். ஆக, கேட்க நினைத்தவருக்குப் பதில் கிடைத்தது. கேட்கலாம் என்று 1943லேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குப் பின் வந்த பெரிய பெரிய ஆய்வுகளுக்குத்தான் அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. தாஸை அடிக்குறிப்பில் போடுவார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் சங்கக் கூட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது இந்தச் சண்டையைப் பெண்களிடம் கதையாகச் சொன்னேன். அரிசி இருந்தது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. நடவுக்குப் போய்ப் போய் முதுகு வளைந்த ஒரு அம்மா கேட்டது: "ஏந்தம்பி, இதுக்கா இம்புட்டுப் படிச்சவங்க அடிச்சிக்கிறாங்க? பத்தாயம் யாரு ஊட்ல இருந்துச்சின்னு கேட்டா முடிஞ்சி போச்சு. அரிசி இருந்துச்சா இல்லியான்னு எங்கள கேட்டா, எங்க ஊட்ல என்னிக்கும் இல்ல. அதுக்காவ ஊர்ல இல்லன்னு சொல்லுவமா?"

இந்த விளைச்சல் பேச்சு அதற்கப்புறம் எங்கே போனது என்று பார்த்தால்தான் ஆய்வு என்பது ஏட்டோடு நிற்கிற சமாசாரம் இல்லை என்பது புரியும். வங்கப் பஞ்சத்தைக் காரணம் காட்டித்தான் 1946ல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. மேலே சொன்ன பத்மநாபன் அங்கே வேலை பார்த்தவர். கும்பகோணத்து டாக்டர் வீட்டுப் பிள்ளையான எம்.எஸ். சுவாமிநாதன், டாக்டருக்குப் படிக்காமல் விவசாயத்துக்குப் போனது வங்கப் பஞ்சச் செய்திகளைப் படித்துத்தான் என்று 2023ல் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் 'இல்லாமல் செத்தார்கள்' என்று முடிவு செய்தவர்கள் கொடுத்த மருந்து 'அதிகம் விளைய வை'. 'பாத்தியதை இல்லாமல் செத்தார்கள்' என்று முடிவு செய்திருந்தால் மருந்து வேறாக இருந்திருக்கும். நிலத்தைப் பிரி, கூலியைக் கூட்டு என்று வந்திருக்கும்.

1960ல் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. உரம் வந்தது, கடன் வந்தது, ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. வந்ததெல்லாம் நிலம் வைத்திருந்தவன் கைக்கு. அறுவடைக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட பண்ணையாட்களுக்கு எதிராக மிராசுதார்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் பெயரைக் கவனியுங்கள்: நெல் உற்பத்தியாளர் சங்கம். சேற்றில் ஒருநாளும் கால் வைக்காதவன் உற்பத்தியாளன்! 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். உற்பத்தியாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பிரான்சின் பிராங்கல் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் 1971ல் பசுமைப் புரட்சியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் தஞ்சாவூரையும் எடுத்துக்கொண்டு, விளைச்சல் கூடக்கூட ஊருக்குள் பகை கூடியதை எழுதினார். நம் விவசாயக் கல்லூரிகளில் ஏ.டி.டி. 27ஐப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். பிராங்கலை நடத்துகிறார்களா?

இனி வங்காளத்துக்கே திரும்பி, ஆய்வாளர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். பெண்கள்.

யுத்த காலத்துக் கல்கத்தாவும் சிட்டகாங்கும் சிப்பாய்களால் நிரம்பி வழிந்தன. பசியில் வந்த பெண்களையும் சிறுமிகளையும் பிடித்து விற்பதற்குத் தரகர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்து அறிக்கைகள் இதை 'ஒழுக்கச் சீரழிவு' என்ற தலைப்பில் போட்டுவிடும். ஒரு படி அரிசிக்காக உடம்பைக் கொடுத்தது சீரழிவு. அந்த அரிசியைப் பதுக்கி வைத்தது வியாபாரம். யாஸ்மின் கான் 2012ல் யுத்தகால இந்தியாவில் பாலுறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ நிர்வாகம், இனவெறி, பெண்ணுடல் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்த அந்தமாதிரி ஆய்வு வர எழுபது வருஷம் ஆகியிருக்கிறது.

அதற்கு முன்னால் 1982ல் பால் கிரீனோ எழுதிய புத்தகம் பெரிய புத்தகம், உழைத்து எழுதிய புத்தகம். குடும்பத் தலைவர்கள் மனைவி மக்களைக் கைவிட்டதை அவர் விரிவாக எழுதுகிறார். சரி. ஏன் கைவிட்டார்கள் என்பதற்கு அவர் சொல்லும் காரணம்தான் உறுத்துகிறது. வங்காளிப் பண்பாட்டில் செழிப்பு பற்றி ஒரு கருத்து உண்டாம். லட்சுமி, அன்னம் தருகிற தகப்பன், அவனை அண்டியிருப்பவர்கள். ஆபத்து வந்தால் வம்சத்தைக் காக்கத் தகப்பன் மற்றவர்களை உதறிவிடுவதை அந்தப் பண்பாடு ஏற்றுக்கொள்கிறதாம். யாருடைய பண்பாடு இது? 1941ல் வங்காளத்தில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள். அவர்கள் வீட்டில் லட்சுமி எப்போது குடிவந்தாள்? நெல் குத்திப் பிழைத்த நாமசூத்திர விதவையின் வீட்டில் அன்னம் தருகிற தகப்பன் எங்கே இருந்தான்? அங்கே அன்னம் தந்தது அவள் கால் மிதித்த டேங்கி. அந்தக் கால் உலக்கைக்கு நெல் வராமல் போனபோது அவள் பட்டினி கிடந்தாள். ஒரு மேல்சாதி இந்துக் குடும்பத்தின் வரைபடத்தை ஆறு கோடிப் பேரின் தலையில் கவிழ்த்தால் இப்படித்தான்.

இஸ்லாத்தையும் பாலுறவையும் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் அநேகமாக வேதநூல், பர்தா, மௌல்விகளின் தீர்ப்பு என்ற மூன்று மூலைக்குள்ளேயே சுற்றுகிறார்கள். 1943ஐ அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். ஷரீஅத் சட்டப்படி மனைவிக்குச் சோறு போடுவது கணவன் கடமை. 1939ல்தான் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வந்திருந்தது. இரண்டு வருஷம் சோறு போடாவிட்டால், நான்கு வருஷம் ஆள் எங்கே என்று தெரியாவிட்டால், அவள் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துகொள்ளலாம். அதே நேரத்தில் கைவிடப்பட்ட இந்துப் பெண்ணுக்கு அந்த உரிமைகூடக் கிடையாது. 1955 வரை காத்திருக்க வேண்டும். காகிதத்தில் முஸ்லிம் பெண் ஒரு படி மேலே. இரண்டு வருஷம் அவள் உயிரோடு இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை! மதச் சட்டத்தைப் பசியோடு சேர்த்து வைத்துப் படித்தால்தான் இஸ்லாம் பெண்ணுக்கு என்ன கொடுத்தது, நிலவுடைமை அதில் எதைப் பிடுங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியும். பர்தாவும் அப்படியே. பர்தா என்பது கொஞ்சம் நெல் இருந்த வீட்டின் வழக்கம். 1943 மார்ச்சில் கல்கத்தாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் அரிசி கேட்டுச் சட்டசபைக்கு ஊர்வலம் போனார்கள். மகிளா ஆத்மரக்ஷா சமிதி கூட்டிய ஊர்வலம். இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்தே போனார்கள்.

சினிமாவிலும் இதே கதைதான். சத்யஜித் ராயின் 'அஷானி சங்கேத்' 1973ல் வந்தது. பச்சைப் பசேல் என்று வயல், அதன் மேல் பறக்கும் விமானம். கிராமத்துக்குப் புதிதாக வந்த ஒரு பார்ப்பனத் தம்பதியின் கண் வழியாகப் பஞ்சம் வருகிறது. கடைசியில் மோதி என்ற தீண்டப்படாத பெண் மரத்தடியில் வந்து விழுந்து சாகிறாள். யாரும் கிட்டே வரவில்லை. பார்ப்பனர் மனம் இளகி, அவளுக்குக் காரியம் செய்ய முன்வருகிறார். நல்ல காட்சிதான், பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அப்புறம் யோசித்தேன். ஊரில் முதல் சாவு நம்மவள் சாவு. அந்தச் சாவு எதற்குப் பயன்படுகிறது? பார்ப்பனர் மனிதராவதற்கு. அவள் குடிசையில் பானை எந்த மாதம் காலியானது, அவள் பிள்ளைகுட்டி என்ன ஆனது என்று கேமரா போய்ப் பார்க்கவில்லை. மிருணாள் சென் 1980ல் எடுத்த 'அகாலேர் சந்தானே' இதைவிட நேர்மையான படம். பஞ்சத்தைப் பற்றிப் படம் எடுக்கக் கிராமத்துக்கு வந்த ஒரு குழுவைப் பற்றிய படம் அது. அரிசிக்காக உடம்பை விற்ற பெண்ணாக நடிக்க உள்ளூரில் ஒரு பெண்ணைத் தேடியதும் கௌரவமான குடும்பங்கள் கொதித்து எழுகின்றன. குழு மூட்டை கட்டவேண்டியதாகிறது. படம் எடுக்க வந்தவன் யோக்கியதையையும் சேர்த்துக் கேள்வி கேட்டதால் எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை.

பசிக்குச் சாதி கிடையாது என்று மேடையில் பேசுவார்கள். கஞ்சித்தொட்டிக்கு இருந்தது. ஷ்யாமா பிரசாத் முகர்ஜியின் இந்து மகாசபை நடத்திய நிவாரணத்தைப் பற்றி அபிஜித் சர்க்கார் 2020ல் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: யார் சமைத்தது, யார் தொட்டது, யாருக்கு முதலில் என்று நிவாரணத்துக்குள்ளேயே மதமும் சாதியும் புகுந்து அரசியல் செய்ததை. பிணத்துக்கும் இருந்தது. ஜனம் முகர்ஜி 2015ல் எழுதிய புத்தகம் இந்த வரிசையில் நான் படித்ததிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கல்கத்தா நடைபாதையில் கிடந்த பிணங்களை இந்துப் பிணம், முஸ்லிம் பிணம் என்று பிரித்தார்கள். இந்து சத்கார் சமிதி ஒரு பக்கம், அஞ்சுமன் முஃபிதுல் இஸ்லாம் ஒரு பக்கம். உயிரோடு இருந்தபோது கணக்கில் இல்லாதவன் செத்தபிறகு ஏதோ ஒரு மதத்தின் கணக்கில் ஏறினான். பஞ்சத்தின் வன்முறை அங்கே முடியாமல் 1946 கல்கத்தாக் கலவரத்துக்குள் போனது என்கிறார் முகர்ஜி. அவர் சொல்வது சரி. ஆனால் மதம் பார்த்துப் பிரிப்பதோடு அவர் பார்வையும் நின்றுவிடுகிறது. அங்கே பிணத்தொழில் டோம் சாதியின் தலையில் கட்டப்பட்டது. எந்தச் சமிதியின் வண்டியானாலும் தூக்கின கை யாருடையது என்று ஓர் அத்தியாயம் எழுதியிருக்க வேண்டாமா?

இதுவரை மற்றவர்களைக் கேட்டாயிற்று. நம்மையும் கேட்கவேண்டும். இதை எழுதினால் நம்மவர்களிலேயே சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

1943 ஏப்ரலில் வங்காளத்தில் நாஜிமுதீன் மந்திரிசபை பதவியேற்றபோது அதில் மூன்று பட்டியல் சாதி மந்திரிகள். அவர்களில் ஜோகேந்திரநாத் மண்டல் கூட்டுறவுக் கடன், கிராமக் கடன் துறைகளுக்கு மந்திரி. 1950 அக்டோபரில் பாகிஸ்தான் மந்திரி பதவியை விட்டு விலகியபோது எழுதிய கடிதத்தில், லீக்கோடு ஏன் சேர்ந்தேன் என்று அவர் காரணம் சொல்கிறார்: வங்காளத்து முஸ்லிமும் தாழ்த்தப்பட்டவனும் உழுகிறவன், கூலி, இரண்டு பேர் நலனும் ஒன்று என்று. இந்த ஞானம் பெரிய ஞானம். இன்றைக்கும் வேண்டியது. ஆனால் அந்த இரண்டு பேரும் கூட்டம் கூட்டமாகச் செத்தது அவர் மந்திரியாக இருந்த அந்த மாதங்களில்தான். பஞ்சத்தில் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் குடும்பங்கள் இருந்த நெல் நிலத்தை முழுசாக விற்றன. கிராமக் கடன் துறை அவர் கையில் இருந்தது. டில்லியில் வைஸ்ராய் கவுன்சிலில் 1942 ஜூலையிலிருந்து தொழிலாளர் துறை உறுப்பினர் நம் பாபாசாகேப். 1946ல் அவரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பி வைத்ததும் அதே வங்காளம்தான், மண்டலும் தோழர்களும் பாடுபட்டு அனுப்பினார்கள்.

அவர்கள் பஞ்சத்துக்குக் காரணம் என்று எந்த மடையனும் சொல்லமாட்டான். ஆட்சியில் ஒரு நாற்காலி கிடைத்தாலும் பத்தாயத்தின் சாவி அந்த நாற்காலிக்கு வராது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. கோப்புகளில் அவர்கள் என்ன எழுதினார்கள், எங்கே போராடினார்கள், எங்கே வாய் மூடியிருந்தார்கள் என்று நாம்தான் தேடி எழுதவேண்டும். துவைபாயன் சென் 2018ல் மண்டலைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நல்ல தொடக்கம். நாம் படத்துக்கு மாலை போட்டுவிட்டு ஆய்வை மற்றவர்களுக்கு விட்டுவிட்டால், நாளைக்கு எவனாவது அரைகுறையாக எழுதுவான், நாம் கண்டன அறிக்கை விட்டுக்கொண்டிருப்போம்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சென்னைத் தமிழில் அறிமுகம் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள், செய்துவிட்டார்கள். தாரக் சந்திர தாஸை யாராவது தமிழில் கொண்டுவாருங்கள். சுருக்கம் போதாது. அந்த அட்டவணைகளையும் சேர்த்து, சாதிப் பெயர்களை அப்படியே வைத்துக் கொண்டுவாருங்கள். அச்சுச் செலவுக்கு சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன்.